நன்னீர் மீன் சிற்றுருவங்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானில் செய்யப்படும், உயிருள்ள மீனை அப்படியே ஒத்திருக்கும் சிறிய நன்னீர் மீன் உருவங்களைச் சேகரிப்பது குறித்து வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: ஒசாகாவில் பணிபுரியும் என் தம்பி, விடுமுறைக்கு வந்தபோது ஒரு பிளாஸ்டிக் உருண்டைக்குள் இருந்த விரல் நீள மீன் பொம்மை ஒன்றைக் கொடுத்தான். செதில் செதிலாக இவ்வளவு நுணுக்கமாக ஒரு பொம்மையை ஏன் செய்கிறார்கள்? யார் செய்கிறார்கள்? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் ஓர் உருண்டை விழும் இயந்திரங்கள் 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கு வந்தவை. தொடக்கத்தில் அவற்றில் குழந்தைகளுக்கான மலிவுப் பொருள்களே இருந்தன. இயற்கையை அப்படியே சிறிதாக்கிக் காட்டும் உருவங்கள் பெரியவர்களையும் ஈர்க்கும் என்பதை நாடு முழுவதும் உணர்த்தியது 1999-இல் ஃபுருதா என்ற இனிப்பு நிறுவனம் வெளியிட்ட ‘சாக்கோ எக்’ என்னும் சாக்லேட் முட்டை ஆகும். அந்த முட்டைக்குள் இருந்த ஜப்பானிய விலங்குகளின் உருவங்களைத் தயாரித்துக் கொடுத்தது காயோடோ நிறுவனம். 1964-இல் ஒசாகா பகுதியில் ஒரு சிறிய மாடல் கடையாகத் தொடங்கிய அந்நிறுவனத்துக்காக அவ்வுருவங்களை வடித்தவர் மட்சுமுரா ஷினோபு என்ற சிற்பி. சாக்லேட்டை விட்டுவிட்டு உள்ளிருக்கும் உருவத்துக்காகவே பெரியவர்கள் முட்டை வாங்கினார்கள்.

அந்த அலைக்குப் பிறகுதான் நன்னீர் மீன்களுக்கும் காலம் வந்தது. யூஜின் என்ற நிறுவனம், வண்ண விளக்கப்பட நூலைப் போன்ற அமைப்பில், மீன்களைத் தனி வரிசைகளாக உருண்டைகளில் வெளியிட்டது. அந்நிறுவனம் 2009-இல் தக்காரா டோமி ஆர்ட்ஸ் ஆனது. பழைய மீன் வரிசைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் யூஜின் பெயரைச் சொல்லியே தேடுகிறார்கள். காயோடோவின் உருவங்களைக் காண ஜப்பான் செல்வோர், கோச்சி மாநிலத்தில் ஷிமான்டோ ஆற்றுப் பகுதியில் மூடப்பட்ட ஒரு தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் 2011-இல் திறக்கப்பட்ட அதன் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானில் ஆற்று மீன்களை இனம் பிரித்து அறிவது பள்ளிப் பிள்ளைகள் முதல் முதியவர்கள் வரை பலருக்கும் பழக்கமான செயல். செதில் வரிசை தவறினால் கண்டுபிடித்துவிடும் கண்கள் அங்கே ஏராளமாக இருக்கின்றன. வாங்குபவர் கூர்ந்து பார்ப்பவராக இருப்பதால், செய்பவரும் கூர்ந்து செய்யவேண்டியிருக்கிறது.

கேள்வி: ஒரு மீன் உருவம் உண்மையானதை ஒத்திருக்கிறதா, வெறும் பொம்மையா என்பதை எப்படிக் கண்டறிவது? பளபளப்பாக இருப்பதெல்லாம் நல்லவை என்று நினைக்கலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பளபளப்பை முதலில் ஒதுக்கிவையுங்கள். எந்த மீனுக்கும் வார்னிஷ் பூசினால் அது ஈரமாகத் தெரியும். முதலில் பார்க்கவேண்டியவை துடுப்புகள். எத்தனை துடுப்புகள், எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, இடுப்புத் துடுப்பு முதுகுத் துடுப்புக்கு நேர்கீழே இருக்கிறதா, முன்னா, பின்னா என்பவற்றை ஒரு நல்ல படத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். டிரவுட், சால்மன் குடும்பத்து மீன்களுக்கும் ஆயு என்ற மீனுக்கும் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சதைப்பற்றான ஒரு சிறு கொழுப்புத் துடுப்பு இருக்கும். அது விடுபட்டிருந்தால், வண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த உருவத்தைச் செய்தவர் மீனைப் பார்க்கவில்லை என்று பொருள்.

அடுத்தது மீசை. கெண்டை இனத்தைச் சேர்ந்த கோய் மீனுக்கு இரண்டு இணை மீசைகள் உண்டு; அதைப் போலவே தோற்றமளிக்கும் ஃபுனா மீனுக்கு மீசையே இல்லை. வளர்ந்த ஜப்பானியக் கெளுத்திக்கு நான்கு மீசைகள், அதன் குஞ்சுக்கு ஆறு. சேற்றில் வாழும் தோஜோ என்ற மீனுக்குப் பத்து மீசைகள் இருக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, மணலில் வாழும் வரி தோஜோவுக்கு ஆறுதான். தோஜோ நம் அயிரையின் உறவுக்கார மீன் என்பதால், மதுரைச் சந்தையில் அயிரையை உயிரோடு பார்த்துப் பழகியவர்கள் அந்த உருவத்தை எளிதில் மதிப்பிட்டுவிடுவார்கள்.

மூன்றாவதாக, ஆணா பெண்ணா, எந்தப் பருவம் என்பது உருவத்தில் தெரியவேண்டும். இதுவே ஒரு நல்ல சிற்பியை அடையாளம் காட்டும் இடம் என்பது என் கருத்து. ஓய்காவா என்ற ஆற்று மீன் ஆண்டின் பெரும்பகுதியில் வெள்ளி நிறத்தில் எளிமையாகத் தோன்றும். கோடையின் இனப்பெருக்கக் காலத்தில் அதன் ஆண் மீன் நீலப்பச்சையும் செம்மஞ்சளும் கலந்த பட்டைகளோடு மாறிவிடும். முகம் கறுத்து, அதன்மேல் வெண்மையான சிறு பருக்கள் முளைக்கும். குதத் துடுப்பு நீண்டுவிடும். நல்ல உருவத்தில் இவை எல்லாம் ஒன்றாக வரும். கோடை வண்ணத்தைப் பூசிவிட்டு, குதத் துடுப்பைப் பெண் மீனைப் போலக் குட்டையாக வைத்திருக்கும் உருவத்தை நான் வாங்கமாட்டேன். மெதாகா போன்ற மிகச் சிறிய மீனில்கூட இந்த வேறுபாடு உண்டு: ஆணின் முதுகுத் துடுப்பில் ஒரு பிளவு இருக்கும், குதத் துடுப்பும் அகலமாக இருக்கும்.

ஆயு மீனின் செவுள் மூடிக்குப் பின்னால் உள்ள மஞ்சள் புள்ளியையும் கவனியுங்கள். ஆற்றின் கற்களில் படியும் பாசியை உண்டு வாழும் அந்த மீன், தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு பிற ஆயு மீன்களை விரட்டும். அப்படி இடம் பிடித்த மீன்களுக்கு அந்த மஞ்சள் எடுப்பாக இருக்கும். இலையுதிர்காலத்தில், ஓராண்டே நீளும் தன் வாழ்வின் முடிவில், அதே மீன் துருப்பிடித்தாற்போல் கறுத்துச் சிவந்துவிடும். ஆகவே, ஒரே மீனின் இரண்டு உருவங்கள் இரண்டு நிறங்களில் இருந்தால் ஒன்று பிழை என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் மன்னித்துவிடலாம். துடுப்புகளின் விளிம்பு உண்மையானதைவிடத் தடிமனாக இருப்பது எல்லா உருவங்களிலும் உண்டு. எஃகு அச்சில் பிவிசியை உருக்கி அழுத்தி வார்க்கும்போது, காகிதம் போன்ற மெல்லிய விளிம்பு முழுமையாக நிரம்பாது. நிரம்பினாலும் அச்சிலிருந்து எடுக்கும்போது கிழிந்துவிடும். அதைச் சிற்பியின் குறையாகக் கருதவேண்டாம்.

கேள்வி: என்னிடம் ஒரே அச்சில் வார்த்தது போன்ற இரண்டு மீன்கள் உள்ளன. ஒன்றில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன, மற்றதில் இல்லை. ஒன்றுக்கு வண்ணம் பூச மறந்துவிட்டார்களா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: மறக்கவில்லை. சிவப்புப் புள்ளி உள்ளது அமாகோ, இல்லாதது யமாமே. இரண்டும் ஒரே சால்மன் இனத்தின் இரண்டு வகைகள். இரண்டின் பக்கவாட்டிலும் நீலம் கலந்த கருநிற நீள்வட்டத் தழும்புகள் வரிசையாக இருக்கும். இயற்கையில் அமாகோ, மேற்கு மற்றும் நடு ஜப்பானின் பசிபிக் கரையோர ஆறுகளிலும் உள்நாட்டுக் கடலில் சேரும் ஆறுகளிலும் வாழ்வது. யமாமே வட ஜப்பானிலும் ஜப்பான் கடல் பக்கத்திலும் வாழ்வது. தூண்டில்காரர்களுக்காக மீன்குஞ்சுகளைக் கண்ட கண்ட ஆறுகளில் விட்டதனால் அந்த எல்லை பல இடங்களில் கலைந்துவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்திருங்கள். தனித்தனியாக இருப்பதைவிட இணையாக இருக்கும்போதே அவற்றுக்கு மதிப்பு அதிகம். இவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடிய மூன்றாவது மீன் இவானா. வளர்ந்த இவானாவின் உடலில், கருத்த பின்புலத்தின்மேல் வெளிர் புள்ளிகள் இருக்கும்.

கேள்வி: மெதாகாவும் பெரிய கெளுத்தியும் ஒரே நீளத்தில் இருக்கின்றன. இது சரியா? அலமாரியில் எப்படி அடுக்குவது? (திருச்சிராப்பள்ளி வாசகி)

பதில்: உருண்டையின் கொள்ளளவுதான் நீளத்தைத் தீர்மானிக்கிறது. மெதாகா உண்மையில் 3 அல்லது 4 சென்டிமீட்டர் நீளமே வளரும். பிவா ஏரியின் பெருங்கெளுத்தியோ ஒரு மீட்டரைத் தாண்டும். ஒரே உருண்டைக்குள் இரண்டையும் அடக்கினால், ஒன்று பெரிதாக்கப்பட்டதாகவும் மற்றது பல மடங்கு சுருக்கப்பட்டதாகவும் ஆகிவிடுகிறது. அளவு விகிதத்தின்படி அடுக்க முயன்றால் மனம் சலித்துவிடும். மாறாக, வாழிடத்தின்படி அடுக்குங்கள். மலையோடையில் இவானா, அதற்குக் கீழே யமாமே, நடு ஆற்றின் கற்பாங்கில் ஆயுவும் ஓய்காவாவும், சமவெளியின் வாய்க்காலில் மெதாகா, தோஜோ, ஃபுனா, கெளுத்தி என்று மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை வைத்தால், அலமாரி ஓர் ஆற்றின் போக்கையே காட்டும். பார்க்க வருபவர்களுக்கு நீங்கள் விளக்கிச் சொல்லவும் ஏதேனும் இருக்கும்.

கேள்வி: எட்டு மீன்கள் கொண்ட ஒரு வரிசையில் என்னிடம் ஆறு உள்ளன. மீதி இரண்டுக்காக மேலும் மேலும் உருண்டைகளை வாங்கலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: வேண்டாம். எட்டு வகைகளும் சம எண்ணிக்கையில் இயந்திரத்தில் இருப்பதாகவே கொண்டாலும், முழு வரிசையும் சேர்வதற்குச் சராசரியாக ஏறத்தாழ 22 உருண்டைகள் வாங்கவேண்டியிருக்கும் என்று நிகழ்தகவுக் கணக்கு சொல்கிறது. அதில் கடைசி ஒன்றுக்கு மட்டுமே சராசரியாக எட்டு உருண்டைகள் செலவாகும். ஓர் உருண்டை 300 யென் என்றால், 2,400 யென் பெறுமான வரிசைக்கு 6,600 யென் கொடுத்தவர் ஆகிறீர்கள். விடுபட்ட இரண்டையும் இன்னொரு சேகரிப்பாளரிடமிருந்து தனியாக வாங்குவதோ, உங்களிடம் இரண்டாக உள்ளதைக் கொடுத்து மாற்றிக்கொள்வதோ அறிவுடைமை.

இன்னும் ஒரு படி மேலே சென்று சொல்கிறேன். வரிசையை முழுமையாக்குவது நிறுவனம் வகுத்த இலக்கு. அதை உங்கள் இலக்காக ஏற்கவேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. விடுபட்ட இரண்டில் ஒன்று சுமாராகச் செய்யப்பட்டது என்றால் அதை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில், வேறொரு சிற்பி செய்த அதே இன மீனை வாங்கினால், இருவரும் ஒரே மீனை எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்பதை ஒப்பிட முடியும். என்னைப் பொறுத்தவரை, எட்டு வகைகள் கொண்ட ஒரு முழு வரிசையைவிட மூன்று சிற்பிகளின் மூன்று ஆயு மீன்கள் மேலான சேகரிப்பு.

தனியாக வாங்கும்போது போலிகளைக் கவனிக்கவும். அசலின் வயிற்றுப் பகுதியிலோ தாங்கியிலோ உரிமைக் குறியும் நிறுவனப் பெயரும் சிறிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். அசலிலிருந்து அச்செடுத்து மீண்டும் வார்த்த போலி, அசலைவிடச் சற்றே சிறியதாகவும் செதில்கள் மழுங்கியும் இருக்கும். பொறித்த எழுத்து தேய்ந்தோ அழிக்கப்பட்டோ இருக்கும்.

கேள்வி: பழைய மீன்களை உருண்டையிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது எடுத்தால் பிசுபிசுக்கின்றன. சிலவற்றின் வால் வளைந்துவிட்டது. பூச்சி வராமல் இருக்க அந்துருண்டையும் போட்டிருந்தேன். (நாகர்கோவில் வாசகி)

பதில்: முதலில் அந்துருண்டையை அப்புறப்படுத்துங்கள். நாஃப்தலீன் ஆவி பல வகைப் பிளாஸ்டிக்கையும் வண்ணப்பூச்சையும் இளகச் செய்யும். பிளாஸ்டிக் மீனைப் பூச்சி அரிக்காது என்பதால் அதற்குத் தேவையும் இல்லை.

பிசுபிசுப்புக்குக் காரணம் அழுக்கு அல்ல. பிவிசியை வளையும் தன்மை உடையதாக்குவதற்காக அதில் இளக்கிப் பொருள் ஒன்றைக் கலக்கிறார்கள். காலப்போக்கில், குறிப்பாக வெப்பத்தில், அது மேற்பரப்புக்குக் கசிந்து வருகிறது. மூடிய உருண்டைக்குள் அது வெளியேற வழியின்றி மீனின்மேலேயே தங்கிவிடுகிறது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் விட்டு, மென்மையான தூரிகையால் செதில்களின் இடுக்குகளில் மெல்லத் தேய்த்துக் கழுவி, நிழலில் முற்றிலும் உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கியையோ தின்னரையோ எக்காரணம் கொண்டும் தொடவேண்டாம். கண்ணும் புள்ளிகளும் அந்த நிமிடமே அழிந்துவிடும். வளைந்த வாலைச் சரிசெய்ய, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள வெந்நீரில் வாலை மட்டும் சில நொடிகள் அமிழ்த்தி, மென்மையானதும் விரலால் நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் வைத்தால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும்.

இனிமேல் காற்றோட்டமுள்ள கண்ணாடி அலமாரியில், வெயில் நேரடியாக விழாத சுவரை ஒட்டி வையுங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருந்து, அழுத்தினால் நொறுங்கும் பாலிஸ்டைரீன் பெட்டிகளில் பிவிசி மீன்களை நேரடியாகக் கிடத்தக்கூடாது. கசியும் இளக்கி அந்தப் பெட்டியையே அரித்து, மீனும் பெட்டியும் ஒட்டிக்கொள்ளும். பாலித்தீன் பைகளால் அந்தத் தொல்லை இல்லை. நம் ஊர் வெப்பத்தில் எந்த முறையானாலும் ஆண்டுக்கு ஒருமுறை கழுவவேண்டியிருக்கும்.

கேள்வி: என் பேரனுக்கு இரண்டு வயது. விளையாடக் கொடுக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: கூடாது. துடுப்புகளும் தாங்கிகளும் கழன்று வரும் சிறு பாகங்கள். குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மூன்று வயது நிறையும்வரை அருகில் அமர்த்தி, கண்ணாடிக்கு வெளியிலிருந்தே காட்டுங்கள்.

கேள்வி: உயிருள்ள மீன்கள் ஆறுகளிலிருந்து அழிந்துகொண்டிருக்கும்போது, பிளாஸ்டிக் மீன்களைச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தங்கள் கருத்து என்ன? (யாழ்ப்பாண வாசகி)

பதில்: தங்கள் உறுத்தல் நியாயமானது, அதற்கு நேர்மையாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். இந்த வரிசைகளில் அடிக்கடி இடம்பெறும் தானாகோ என்ற சிறு மீன் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெண், நீண்ட குழாய் ஒன்றின் வழியே உயிருள்ள நன்னீர் மட்டியின் செவுளுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் மட்டிக்குள்ளேயே பொரித்து, நீந்தும் வலிமை பெற்ற பிறகே வெளியே வரும். மட்டியின் இளங்குஞ்சுகளும் தம் பங்குக்கு மீன்களின் உடலில் ஒட்டிக்கொண்டு வளர்பவை. வாய்க்கால்களைச் சிமென்ட்டால் பூசியதில் மட்டிகள் அழிந்தன. மட்டிகளோடு தானாகோக்களும் அருகின. அவற்றுள் மியாக்கோ தானாகோவும், ஒசாகாவின் யோடோ ஆற்றில் வாழும் இத்தாசென்பாராவும் 1974-இல் ஜப்பான் அரசால் இயற்கைச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அனுமதியின்றி அவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். இத்தகைய மீனை வீட்டில் வைத்துப் பார்க்க விரும்புபவருக்குச் சிற்றுருவம் ஒன்றுதான் தீங்கற்ற வழி. வாய்க்காலில் சர்வசாதாரணமாக இருந்த மெதாகாவே 1999-இல் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

ஓர் உருவத்தைச் சரியாகப் படைக்க முயல்வது எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு குனிமாசு மீனின் கதையைச் சொல்லலாம். அகிட்டா மாநிலத்தின் தசாவா ஏரியில் மட்டுமே இயற்கையாக வாழ்ந்த கருநிறச் சால்மன் அது. 1940-இல் மின் உற்பத்திக்காகவும் பாசனத்துக்காகவும் அமிலத்தன்மை மிகுந்த ஆற்று நீரை ஏரிக்குள் திருப்பிவிட்டதில் அது அழிந்துபோனது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2010-இல், கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நக்காபோ தெட்சுஜி, குனிமாசுவை வண்ணத்தில் வரைந்து தருமாறு மீன் ஓவியரான சகானாகுனைக் கேட்டுக்கொண்டார். சரியாக வரைவதற்கு ஒப்பீடாக, அதன் நெருங்கிய உறவான ஹிமேமாசு மீன்களைச் சாய்கோ என்ற வேறோர் ஏரியிலிருந்து ஓவியர் வரவழைத்தபோது, அவற்றுள் சில கறுப்பாக இருந்தன. ஆராய்ந்ததில் அவை குனிமாசுவே என்று தெரியவந்தது. அழிவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1935-இல், சாய்கோவுக்கு அனுப்பப்பட்ட முட்டைகளின் வழித்தோன்றல்கள் அவை. ஒரு மீனின் நிறத்தை ஊகித்துப் பூசாமல், கண்ணால் பார்த்தே தீருவேன் என்ற பிடிவாதம்தான் அந்த மீனை மீட்டுக் கொடுத்தது. சிற்றுருவம் சேர்ப்பவரிடமும் அந்தப் பிடிவாதம் வளருமானால், அது ஆற்றுக்கு எதிரான செயல் ஆகாது என்பதே என் உறுதியான எண்ணம்.

கேள்வி: நம் விரால், கெளுத்தி, கெண்டைக்கு இப்படிப்பட்ட உருவங்கள் கிடைக்காதா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: ஜப்பானிய நிறுவனங்கள் தம் நாட்டு ஆறுகளையே முதன்மையாகச் செய்கின்றன. விராலுக்கு மிக நெருங்கிய உருவம் வேண்டுமானால் காமுருச்சி என்ற மீனைத் தேடலாம். அது நம் விராலின் பேரினத்தையே சேர்ந்தது, ஆசியப் பெருநிலத்திலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆனால், அதன் உடலில் இருக்கும் பெரிய கரும் திட்டுகள் நம் விராலுக்கு இல்லை.

ஆகவே, நீங்களே செய்து பாருங்கள் என்றே பரிந்துரைப்பேன். கம்பியால் ஓர் எலும்புச் சட்டம் அமைத்து, அதன்மேல் எம்-சீல் போன்ற இருபகுதிப் பசையை ஏற்றினால் போதும். இறுகிய பிறகு உப்புத்தாளால் தேய்க்கவும் அக்ரிலிக் வண்ணம் பூசவும் இயலும். வடிவத்துக்கு வழிகாட்டியாக, சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய நூலின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. துடுப்புகளின் இருப்பிடமும் செதில் வரிசைகளும் அவற்றில் தெளிவாக உள்ளன. அவை கறுப்பு வெள்ளைப் படங்கள் என்பதால், நிறத்துக்கு உயிருள்ள மீனிடம்தான் செல்லவேண்டும். காலையில் சந்தைக்குச் சென்று, தொட்டியில் நீந்தும் விராலை மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். இறந்த சிறிது நேரத்திலேயே வண்ணம் மங்கத் தொடங்கிவிடும்.

விராலில் தவறக்கூடாதவை சில உண்டு. தலை பாம்பின் தலைபோல் மேலே தட்டையாக, பெரிய செதில்களுடன் இருக்கவேண்டும். முதுகுத் துடுப்பு தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி வால் அருகில்வரை ஒரே நீளமாக ஓடவேண்டும். அதில் முள் கிடையாது. வால் துடுப்பு கெண்டையைப்போல் பிளவுபட்டிராமல் வட்டமாக முடியவேண்டும். செதில் பொறிப்பதற்கு, வெறும் பேனா ரீஃபில் குழாயின் முனையைச் சாய்த்து வெட்டிப் பசை இறுகுமுன் அழுத்தலாம். ஒவ்வொரு வளைவின் விளிம்பும் வாலை நோக்கியிருக்கவேண்டும். செய்து முடித்ததும், படத்தோடு எமக்கு அனுப்பிவையுங்கள். துடுப்புகளை எண்ணிப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.